சிவப்பு வண்டிக்கு எர்த் போட்டது

ஜூன் 1, ஞாயிறு

டாக்டர் சொன்னதால்தான் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறதாம். மாத்திரையைப் போட்டுக்கொள்வதோடு, அன்றன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது என்று ஒரு டைரியில் எழுதிவைக்கச் சொன்னார். எழுதினால் பாதி ஆறிவிடும் என்பது அவர் கட்சி. கோபமே வராத நாளில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அம்சவேணி சுவரில் மாட்டியிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைய கோபம்: வண்டி.

போன வருஷம் கோத்தகிரியில் ஒரு டீ எஸ்டேட் மேனேஜரிடமிருந்து வாங்கியது. ஜப்பான் கார், இரண்டே சீட், கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம், நல்ல சிவப்பு. ஐம்பத்து மூன்று வயதில், பம்ப்செட் கடை வைத்திருக்கிற ஆளுக்கு இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர்கள் கோயமுத்தூரில் இல்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்க நான் யாருக்கும் கொடுக்கவுமில்லை.

சங்கடம் என்னவென்றால், ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது. அப்புறம் ஒரு உதறு உதறுகிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலப் பாய்கிறது. இன்றைக்கு லட்சுமி மில் சிக்னலில் பச்சை விழுந்து, நான் அழுத்தி, அது யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ ஒன்று என்னைத் தாண்டிப் போய்விட்டது. டெம்போக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இதற்குக் கோபப்படாதவன் மனிதனா?

ஜூன் 4, புதன்

ஃபெலிக்ஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கணபதி பகுதியில் இருக்கிறார், இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிறவர் இங்கே அவர் ஒருவர்தான். இதுவரை ப்ளக் மாற்றினார், காயில் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் சரியாக இருந்து மூன்றாம் நாள் திக்க ஆரம்பித்தது. இன்று நிறைய நேரம் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு, எஞ்சினுக்கு மூளையாக இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிதான் போயிருக்க வேண்டும், ஜப்பானிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றார். வரவழையுங்கள் என்றேன். எங்கள் கார் கிளப் ஜூலை மாதம் கோத்தகிரிக்கு வரிசையாகப் போகிறது. கோளாறு உள்ள வண்டி வரிசையில் கடைசியாக, ஆம்புலன்ஸுக்கு முன்னால் வர வேண்டும் என்பது கிளப் தலைவர் விஜயரங்கன் போட்ட விதி. அந்த இடத்தில் நான் வருவதாக இல்லை.

சாப்பிடும்போது அம்சவேணியிடம் சொன்னேன். "எர்த் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

இவள் மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளர். ஊரில் எங்கே கரண்ட் போனாலும் முதலில் இவள் போன்தான் அடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஃப்ரிட்ஜ் ஷாக் அடித்தால் எர்த் பாருங்கள், டி.வி.யில் கோடு விழுந்தால் எர்த் பாருங்கள். அவள் தங்கை வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போனபோது மட்டும்தான் அதைச் சொல்லவில்லை. இது கார், டிரான்ஸ்ஃபார்மர் இல்லை என்று அமைதியாக விளக்கினேன். ரசம் ஊற்றினாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். ஒரு கிலோ சொத்தை.

பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். காரமடை தாண்டி, எங்களுக்கு முன்னால் கரும்பு லாரி. ரோடு காலியாக இருந்தது, முந்த ஏறினேன். லாரிக்குப் பக்கத்தில் பாதி போயிருப்போம், எதிரே பஸ் திரும்பியது. அழுத்தினேன். வண்டி யோசித்தது. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. வண்டி இன்னும் யோசித்தது. பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒடித்து நுழைந்தேன். பஸ் போன காற்றில் அம்சவேணியின் சேலைத் தலைப்பு அவள் முகத்தில் அடித்தது.

பஸ் டிரைவர் தேவைக்கு மேல் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் முடிந்ததும் அவள் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்டில் அவளைத் தடுத்து நிறுத்தி, சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க எதையும் முந்தாமல் வந்தோம். ஒரு டிராக்டர் எங்களை முந்திற்று. வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் கேட்டாள்.

"வண்டியோட பேட்டரி எங்கங்க இருக்கு?"

"டிக்கியில."

"பின்னாலயா? எஞ்சின் முன்னால. நடுவுல எது வழியா கரண்ட் திரும்பி வருது?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பாடி வழியாக இருக்கும் என்றேன். டார்ச் எடுத்து வரச் சொன்னாள்.

ஜூன் 10, செவ்வாய்

மாலையில் ஆபீஸிலிருந்து வந்ததும் வோல்ட் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்துவிட்டாள். தோசை மாவு வெளியிலேயே இருந்து பொங்கி வழிந்தது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸில், இன்னொரு முனை நீள வயர் கட்டி முன்னாலிருக்கிற எஞ்சினில். என்னைச் சாவி போடச் சொன்னாள். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அந்த மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டுமாம். ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது.

ஒரு வோல்ட் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டேன். எஞ்சினில் இருக்கிற சென்சார்கள் எல்லாம் அரை வோல்ட், கால் வோல்ட்டில் பேசிக்கொள்கிறவை, நடுவில் இப்படி ஒரு வோல்ட் வழிமறித்து நின்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் காலை அழுத்தியதே சரியாகக் காதில் விழாது என்றாள். பிறகு டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்து, பேட்டரி வயர் பாடியோடு சேர்கிற போல்ட்டைக் காட்டினாள். வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருந்தது. சுற்றிலும் துரு. கோத்தகிரி ஈரம்.

எனக்கு அங்கேதான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்று சொன்னேன். டார்ச்சைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள் என்றாள்.

ஜூன் 12, வியாழன்

வீட்டில் பழைய இன்வெர்ட்டர் மாற்றியபோது மிஞ்சிய கனத்த செம்பு வயர் பரணில் கிடந்தது. அதையே வெட்டிக்கொள்ளலாம் என்கிறாள். வயர் நுனியில் மாட்டுகிற செம்பு லக், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற கறுப்பு டியூப், நாலு போல்ட். காட்டூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் இவ்வளவையும் வாங்கினேன். இரண்டு பேர் ஓட்டலில் மசால்தோசை சாப்பிட்டுக் காபி குடித்திருந்தால் இதைவிட அதிகம் ஆகியிருக்கும். கடைக்காரர் வீட்டு வேலைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்படிப்பட்ட வண்டிக்குப் போடுகிற பொருள் ஒரு பெட்டியிலாவது வர வேண்டும். பரணிலிருந்து ஒட்டடையோடு வருவதா?

அம்சவேணி சமையல் மேடையில் வைத்து ஹாக்ஸா பிளேடால் அறுத்தாள். ஒருபக்கம் குக்கர் விசில். நான் விசிலை எண்ணும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பருப்பு குழைந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு எர்த் போட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

துருப்பிடித்த பழைய போல்ட்டை எடுத்து, இடத்தைத் துடைத்து, பழைய வயரையே திரும்ப மாட்டினோம். அதற்குத் துணையாகப் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒரு புது வயர். எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று. எஞ்சினின் மேல்மூடியிலிருந்து பானட்டுக்குள் இருக்கிற பக்கத் தகட்டுக்கு இன்னொன்று. அம்சவேணி இடம் காட்டினாள், நான் முறுக்கினேன். முறுக்கும்போது, லக் உட்கார்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்றாள். என் வண்டியில் நகம் பட்டதில்லை, சுரண்டுவதாவது. போல்ட்டை நன்றாக இறுக்கினால் போதும் என்று சொல்லிப் பெயிண்டின் மேலேயே இறுக்கிவிட்டேன். துருப்பிடித்த இடத்தையும் துணியால் துடைத்ததோடு சரி.

சுற்றிவிட்டு வந்தோம். முன்பு எப்படித் திக்கியதோ அப்படியே திக்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி ஜப்பானிலிருந்து வருகிறது, பொறுமையாக இருப்போம் என்று அவளிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் தாராளமாக இருந்தது.

அவள் மீட்டரை வைத்துப் பார்த்தாள். "பெயிண்டு வழியா கரண்ட் போகாதுங்க" என்றாள். உப்புத்தாள் கேட்டாள். நான் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். அவள் தேய்க்கிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டது. செம்பருத்திக்கு இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன்.

கூப்பிட்டாள். போனேன். டிக்கியில் இரும்பு பளபளவென்று காசளவுக்குத் தெரிந்தது, முன்னாலும் அப்படியே. லக் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மேலே கிரீஸ் தடவியிருந்தாள், மறுபடி துரு ஏறாமலிருக்க. மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏறினோம். அழுத்தினேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலுக்கும் வண்டிக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தது போலவும் அந்த ஆள் எழுந்து போய்விட்டது போலவும் இருந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், எங்கே அழுத்தினாலும் அந்த நிமிஷமே வந்தது. வாங்கின நாளிலிருந்து இந்த வண்டியை நான் ஓட்டவே இல்லை, இன்றைக்குத்தான் ஓட்டினேன். கூரை திறந்திருந்தது. அம்சவேணி தன் கண்ணாடி பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா வருதுங்க" என்றாள். பாலம் முடிந்ததும் திரும்பி இன்னொரு தடவை போனோம்.

ஜூன் 16, திங்கள்

கோபம் எதுவும் இல்லை.

ஜூன் 18, புதன்

கிளப் வாட்ஸப்பில் விஷயத்தைப் போட்டேன். 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்றுதான் எழுத நினைத்தேன். அனுப்பிய பிறகு பார்த்தால் 'நான் கண்டுபிடித்தேன்' என்று இருந்தது. இந்தப் போனில் தமிழ் எழுதுவது கஷ்டம். அதற்குள் நிறைய கட்டைவிரல்கள் வந்துவிட்டன, திருத்தினால் குழப்பமாகிவிடும்.

ஃபெலிக்ஸ் நேரில் வந்து பார்த்தார். நல்ல மனிதர். நீள வயர் கட்டி அளந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை சார், பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். யார் செய்தது என்று கேட்டார். வீட்டிலேயே செய்தது என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோதண்டபாணி வந்திருந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், கிளப்பிலேயே வயதில் மூத்தவர். அவருடைய வண்டிக்கும் எர்த் போட முடியுமா என்றார். என்ன கோளாறு என்று கேட்டேன். கோளாறு ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் நன்றாக ஓடலாமே என்றார்.

அம்சவேணி வீட்டில் இல்லை. தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது, மரம் விழுந்து லைன் அறுந்து, மூன்று நாளாக அவள் சாப்பிட மட்டும் வருகிறாள். பரணில் வயர் மிச்சமிருந்தது. நானே போட்டேன், இந்தத் தடவை பெயிண்டைச் சுரண்டி. கோதண்டபாணி ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது முகமே மாறியிருந்தது. குதிரை மாதிரி இழுக்கிறது சிகாமணி என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன். முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இழுக்கத்தான் செய்தது.

ஜூன் 25, புதன்

புது வயர் வாங்கினேன். கறுப்பு டியூபுக்குப் பதிலாகச் சிவப்பு வலை உறை, பித்தளை போல்ட், அட்டைப்பெட்டி. பெட்டியின்மேல் 'சிகாமணி எர்த் செட்' என்று அச்சடித்து ஒட்டினேன். என் முழுப்பெயர் தெய்வசிகாமணி, பெட்டியில் இடம் பத்தவில்லை. கிளப்பில் பாதிப் பேர் போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஒருவருக்கு வண்டியின் சத்தமே இனிமையாகிவிட்டதாம். இன்னொருவருக்கு ஏ.சி. கூடுதலாகக் குளிர்கிறதாம். விலையைப் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் கூட்டி வைத்த பிறகுதான் இன்னும் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது. போர்ட்டிகோவில் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வண்டிக்கும் மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?"

எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றேன்.

"எர்த் கெட்ட வண்டிக்குத்தாங்க இது மருந்து. நல்லா இருக்கற வண்டிக்கு இது வெறும் வயரு."

நல்லா இருக்கிறவர்களும் சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள் இல்லையா என்று கேட்டேன். இந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் விஜயரங்கன் தன் ஜெர்மன் வண்டிக்குப் போடச் சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் முன்னால், நீயும் வா என்றேன். அந்த வண்டியில் கை வைக்காதீர்கள் என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் போன் வந்தது, பீளமேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் புகைகிறதாம். தலையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். கூட்டத்தில் ஒரு சிறிய தொழில்நுட்பக் குழப்பம். மற்றது பிறகு.

ஜூலை 2, புதன்

விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. எழுதிவிடுகிறேன்.

கூட்டம் ஒரு ஹோட்டலின் கார் பார்க்கிங்கில். விஜயரங்கனின் வண்டி நடுவில், பானட் திறந்து, சுற்றிலும் ஆட்கள். அம்சவேணி வந்திருந்தாள், தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் மற்ற பெண்களோடு நின்றாள். விஜயரங்கனின் டிரைவர் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க டிக்கியைத் திறந்து வைத்திருந்தான்.

அந்த வண்டியிலும் பேட்டரி டிக்கியில்தான். எஞ்சின் பக்கத்தில் வயரை மாட்ட நல்ல இடமாகத் தேடினேன். ஒரு ஓரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு போல்ட் இருந்தது. கைக்கு வாகான உயரம், துரு இல்லை, பெயிண்ட் இல்லை, சுரண்ட வேண்டிய வேலையே இல்லை. ஜெர்மன்காரர்கள் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னேன். சிவப்பு அழகுக்கு என்று நினைத்தேன். மூடியைக் கழற்றி அதில் ஒரு முனையை இறுக்கினேன். மறுமுனையைப் பாடியில் வைத்து ஸ்பானரால் ஒரு திருப்புத் திருப்பினேன்.

அது எர்த் இல்லை. டிக்கியிலிருக்கிற பேட்டரியின் பிளஸ்ஸை முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிற இடம். பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பதற்காக.

ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. சிவப்பு வலை உறை கருகி, வயர் உள்ளே ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. புகை. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகிறது என்று எனக்குத் தெரியும், பல தடவை சுட்டிக்காட்டிப் பேசியிருக்கிறேன். பிடித்து இழுத்தேன். உள்ளங்கையில் பிடித்ததை விடவும் மனம் வரவில்லை, இழுக்கவும் வரவில்லை, லக் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்சவேணி ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. "கையை எடுங்க" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அவள் அலுவலகத்தில் லைன்மேன்களிடம் பேசுகிற குரல் அதுவாக இருக்க வேண்டும், நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன். என்னுடைய ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு திறந்திருந்த டிக்கிக்குப் போய், பேட்டரி மைனஸைத் தளர்த்தி, முந்தானையைச் சுற்றிய கையால் உருவி எறிந்தாள். ஆரஞ்சு நிறம் மெதுவாக அணைந்தது. ஹோட்டல் செக்யூரிட்டி மணல் வாளியோடு வந்தபோது கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

விஜயரங்கன் முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு தன் வண்டியை, பிறகு அவளை. எங்கே வேலை பார்க்கிறீர்கள் மேடம் என்று கேட்டார். சொன்னாள். அப்படியானால் நீங்கள் ஏன் இதைப் போடவில்லை என்றார்.

"உங்க வண்டிக்குத் தேவையில்லீங்க. இருக்கற எர்த்தே நல்லா இருக்கு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரவர் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் சிவப்பு வண்டியை அவள்தான் ஓட்டினாள். நான் இதுவரை அந்தப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஃபன் மாலுக்குப் பக்கத்தில் சிக்னலில் நின்றபோது என் சட்டைக் கையை மடித்துவிட்டாள், புண்ணில் படாமல்.

ஜூலை 4, வெள்ளி

விஜயரங்கன் வீட்டுக்குப் போனோம். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன்: அந்த மூடியின்மேல் தெளிவான எச்சரிக்கை இல்லை, கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது, இப்படி. அவர் கதவைத் திறந்து முதலில் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தயார் செய்தது எதுவும் வரவில்லை.

"தப்பு என்னுதுங்க. தெரியாத எடத்துல கை வெச்சுட்டேன்" என்றேன்.

உட்காரச் சொன்னார். வண்டி சரியாகிவிடும், ஆகிற செலவை நான் கொடுப்பது என்று முடிவாயிற்று, அவர் பேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோத்தகிரிக்கு வாருங்கள், ஆனால் கடைசி வண்டியாக வாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார். வண்டியில் இப்போது கோளாறு இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டியைச் சொல்லவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது அம்சவேணி அவரிடம், செட் வாங்கின எல்லோர் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து கழற்றிக் கொடுத்துவிடுகிறோம், பணமும் திரும்பக் கொடுத்துவிடுகிறோம் என்றாள். இதை அவள் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால் அவள் ஓட்டினாள். வெயில் இல்லை, கூரையைத் திறந்துகொண்டோம். முந்துகிற இடத்தில் முந்தினாள். என்னைவிடக் கொஞ்சம் வேகம்.

முதல் வீடு வடவள்ளியில், சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் ஒருவன். விஷயத்தைச் சொன்னேன். இருக்கட்டும் அங்கிள், பானட்டைத் திறந்தால் அந்தச் சிவப்புதான் கெத்து என்றான். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. அம்சவேணி மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஒரு வயர் சூடான குழாய்க்குப் பக்கத்தில் போயிருந்தது, அதை நகர்த்திக் கட்டினாள். இரண்டாவது வீட்டில் ஏ.சி. குளிர்கிறவர். கழற்றினால் வெயில் காலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஏ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அது எப்படிச் சொல்கிறீர்கள், நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள் என்றார். மூன்றாவது வீட்டில் நாய் இருந்தது. வண்டிக்குக் கிட்டே போகவே விடவில்லை, அதற்கு மட்டும்தான் என்மேல் சந்தேகம்.

கடைசியாக ராமநாதபுரத்தில் கோதண்டபாணி. ஊஞ்சலில் உட்கார வைத்தார், அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்தார். இந்த மனிதரிடமாவது நன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆரம்பித்தது இவரிடம்தான்.

"சார், இந்த வயரால உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க. அது முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு. என் வண்டியில பழைய எர்த் கெட்டுப் போயிருந்துது, அதனால அதுக்குக் கேட்டுச்சு. அதையும் நான் கண்டுபுடிக்கலை. இவதான் கண்டுபுடிச்சா. உங்களுக்கு நான் வெறும் வயரை வித்திருக்கேன்."

இதை நான் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

கோதண்டபாணி என்னை இரக்கமாகப் பார்த்தார். கட்டில்லாத கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை தப்பாகிவிட்டது என்பதற்காக இப்படி மனசை விட்டுவிடக் கூடாது, புதிதாக எதையும் செய்கிறவனுக்கு இந்த மாதிரி சோதனை வரத்தான் செய்யும், கை காயம் ஆறட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். மைலேஜ் கணக்குப் பார்த்தாராம், கூடியிருக்கிறதாம். திருப்பூரில் இருக்கிற மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறாராம். உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று அம்சவேணியிடம் சொன்னார். அவள் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

வயரைக் கழற்ற விடவில்லை. அம்சவேணி போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வந்தாள்.

வண்டியில் ஏறியதும் கேட்டேன், ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ சொன்னால் நம்பியிருப்பாரே என்று.

"நான் சொன்னா நம்புவாருங்களா?" என்றாள். "நீங்க எத்தன நாள் கழிச்சு நம்புனீங்க?"

நான் ரோட்டைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். சுங்கம் ரவுண்டானா வந்தது. கியரை மாற்றி அழுத்தினாள், வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"திருப்பூர் மாப்பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்பேன், கெட்டிருந்தால்தான் போடுவேன், இல்லையென்றால் ஒரு வயரும் கிடையாது என்றேன்.

"மீட்டரை எங்க எங்க வெக்கணும்னு தெரியுமா?"

இத்தனை நாளும் நான் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் யோசித்தேன்.

"தெரியாது" என்றேன்.

காலையிலிருந்து வீடு வீடாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பின்னால் வந்த டவுன் பஸ் ஹார்ன் அடித்தது. நான் திரும்பி, கட்டுப்போட்ட கையைக் காட்டி, போங்கள் போங்கள் என்றேன்.